ஒரு பகிடிப் படமும் வீட்டில் கட்டிய ஆர்பிஎம் மீற்றரும்

மச்சான் வட்ஸ்அப்பில் அனுப்பிய பகிடிப் படம் ஒரு பட்டியல். இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் அது நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும் (ஆர்பிஎம்) என்ற எண். பூமி 1/1440. மைக்ரோவேவ் தட்டு 5/6. எல்.பி இசைத்தட்டு 33⅓. அதற்குக் கீழே மற்ற இசைத்தட்டுகளின் 45, 78. சீலிங் ஃபேன் 1500. தண்ணி மோட்டர் 3000. ஹார்ட் டிஸ்க் 7200. கிரைண்டர் 15,300. பிளெண்டர் 18,000. கடைசி வரி: "திங்கட்கிழமை காலையில் நான், 0". அடியில் சின்ன எழுத்தில் இரண்டு குறிப்பு. ஒன்று, "33⅓ + 45 = 78⅓. மிச்ச மூன்றில் ஒன்றைக் களவெடுத்தது யார்?" மற்றது, "மைக்ரோவேவில் எல்.பி போட்டால் 40 மடங்கு மெதுவாகப் பாடும்".

மச்சானுக்குக் கல்முனையில் மோட்டர் வைண்டிங் வேலை. படத்தை அனுப்பிய கையோடு குரல் பதிவும் வந்தது: "3000 எண்டு போட்டவன் ஒரு மோட்டரும் கழட்டிப் பார்க்கல்ல போலகா. மத்ததெல்லாம் சரியோ?" மற்றதெல்லாம் சரியா என்று கேட்டால் எனக்கு நித்திரை வராது. சுற்று வேகம் அளக்கும் டக்கோமீற்றர் ஒன்று கடையில் வாங்கி வைத்திருந்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் மேசை லாச்சியில் ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினி போர்டு ஒன்றும், தடை கண்டால் சிக்னல் தரும் அகச்சிவப்பு சென்சர் ஒன்றும், இரண்டு வரி எல்சிடி ஒன்றும் சும்மா கிடந்தன. அதனால் கட்டினேன்.

மீற்றர்

கட்டுவது லேசு. சென்சரில் ஒரு எல்இடி கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும். எதிரே வெள்ளை இருந்தால் ஒளி திரும்பி வரும், கறுப்பு இருந்தால் வராது. சுற்றுகிற பொருளில் கறுப்பு டேப் சுற்றி, அதன் மேல் ஒரு கீற்று வெள்ளைப் பேப்பர் ஒட்டினால் சுற்றுக்கு ஒரு சிக்னல். சென்சரின் வெளியீட்டை நானோவின் 2ஆம் பின்னில் கொடுத்து, சிக்னல் வந்த கணமே கவனிக்கும்படி இன்டரப்ட் வைத்தால் சரி.

ஒரு செக்கனுக்குள் எத்தனை சிக்னல் வந்தது என்று எண்ணி 60 ஆல் பெருக்குவதுதான் எல்லோரும் எழுதும் முறை. வேகமான பொருளுக்கு அது பரவாயில்லை. ஃபேனுக்கு உதவாது. சுற்றுக்கு ஒரு சிக்னல் என்றால் விடை எப்போதும் 60 இன் மடங்காகத்தான் வரும், 300 காட்டும், இல்லாவிட்டால் 360 காட்டும், இடையில் ஒன்றும் இல்லை. இசைத்தட்டுக்குக் கேட்கவே வேண்டாம். ஆகவே எண்ணுவதை விட்டு, ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் இடைப்பட்ட நேரத்தை மைக்ரோ செக்கனில் எடுத்து, 6 கோடியை அதனால் வகுத்தேன். 33⅓ என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன். அதை மைக்ரோ செக்கனில் அளந்தால் தசமத்துக்குப் பின்னாலும் நம்பக்கூடிய எண் வரும். 2 மில்லி செக்கனுக்குள் வரும் இரண்டாவது சிக்னலைத் தள்ளிவிடச் சொல்லியும் எழுதினேன். பேப்பர் ஓரத்தில் சென்சர் தடுமாறி ஒரே கீற்றை இரண்டாக எண்ணும். 2 மில்லி செக்கன் என்பது 30,000 ஆர்பிஎம், அதற்கு மேலே இந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை.

வராந்தாவில் இன்னும் ஒரு பழைய இழை பல்ப் இருக்கிறது. அதன் கீழே மீற்றரைப் பிடித்தால், சுற்றுகிற பொருள் எதுவும் இல்லாமலே 6000 என்று காட்டியது, ஆணி அடித்த மாதிரி. எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 அலை. ஒரு அலைக்கு இரண்டு உச்சம், ஆகவே பல்ப் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். இழையிலிருந்து வரும் அகச்சிவப்பும் கூடவே ஏறி இறங்கும். 100 ஐ 60 ஆல் பெருக்கினால் 6000. பல்பையே சுற்றுகிற பொருளாக எண்ணிவிட்டது. பகலில் வெயில் பட்டால் இதற்கு நேரெதிர், சென்சர் குருடாகி ஒன்றும் காட்டாது. கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய பேனா மூடியை முன்னால் செருகிய பிறகு இரண்டு தொல்லையும் போனது.

மீற்றரின் மணிக்கூடு சரியா என்பது அடுத்த பிரச்சினை. மலிவான போர்டுகளில் கடிகாரத் துடிப்புத் தருவது செராமிக் ரெசனேட்டர். அது 0.5 சதவீதம் வரை பிசகலாம். பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் 78 இல் 0.5 சதவீதம் என்பது 0.39. இந்தப் பகிடியின் களவே அவ்வளவு பெரிதில்லை. அதனால் நானோவை ஒரு மணி நேரம் எண்ணவிட்டு ஃபோன் நேரத்தோடு ஒப்பிட்டேன். 9 செக்கன் பின்தங்கியது, அதாவது 0.25 சதவீதம். அதன் மைக்ரோ செக்கன் எண்ணி 71 நிமிடத்தில் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும் என்பதால் ஒரு மணி நேரத்தோடு நிறுத்துவதுதான் நல்லது.

சரிபார்க்க இன்னொரு வழியும் கைவசம் இருந்தது. செத்துப்போன 7200 ஹார்ட் டிஸ்க் ஒன்றின் மூடியைக் கழற்றி, நடு அச்சில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு கரண்ட் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாவிட்டாலும் சுற்றத் தெரிந்தது. ஹார்ட் டிஸ்க்கின் மோட்டர் கரண்ட் கம்பியின் 50 ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடுவதில்லை, தன்னிடம் உள்ள குவார்ட்ஸ் படிகத்தைப் பார்த்து ஓடும். மீற்றர் காட்டியது 7218. 7200 க்கு 0.25 சதவீதம் சேர்த்தால் அதேதான். இரண்டு வழியிலும் ஒரே பிசகு, ஆகவே நானோவின் புரோகிராமில் ஒரு பெருக்கல் எண் போட்டு முடித்தேன். பட்டியலில் ஹார்ட் டிஸ்க் வரி சரி என்பதும் அதோடு தெரிந்தது. அதில் வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

ஃபேன் 1500

சுற்றுகிற ஃபேன் இறகுக்குக் கிட்டக் கையைக் கொண்டு போகக்கூடாது. மூன்று இறகையும் எண்ணி மும்மடங்கு எண்ணைத் தரும் என்பது வேறு. அதனால் ஃபேனின் அடி மூடியில் கறுப்பு டேப்பும் வெள்ளைக் கீற்றும் ஒட்டி, சென்சரைத் தும்புத்தடிக் கம்பில் கட்டிக் கீழிருந்து நீட்டினேன். முழு வேகத்தில் 240.

இது குறைவு என்று மச்சானே ஃபோனில் சொன்னான். "கொண்டென்சரைப் பார்." 2.5 மைக்ரோஃபரட் என்று எழுதியிருந்த கொண்டென்சர் மல்டிமீற்றரில் 1.6 காட்டியது. சீலிங் ஃபேன் மோட்டரில் இரண்டாவது சுற்றுக் கம்பிக்கு முன்பின்னாகக் கரண்ட் கொடுப்பது அதுதான். அது வற்றினால் முறுக்கு வலு குறையும், ஃபேன் சோம்பும். புதிதைப் போட்ட பிறகு 325. இரவு 7 மணிக்கு ஊரெல்லாம் லைட் போட்டு வோல்டேஜ் இறங்கும்போது 290. பகிடியைச் சரிபார்க்கப் போய் வீட்டில் ஒரு காற்று கூடியது லாபம்.

அப்போ 1500 எங்கிருந்து வந்தது? 50 ஹெர்ட்ஸில் ஓடும் மோட்டரின் காந்தப்புலம் சுற்றும் வேகம், 6000 ஐ அதன் காந்த முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. இரண்டு முனை 3000, நான்கு முனை 1500. மேசை ஃபேன் பெரும்பாலும் நான்கு முனை, அதனால் 1300 பக்கம் சுற்றும். சீலிங் ஃபேனுக்கு 14, 16, 18 என்று முனைகள். 14 என்றாலே 428 தான் உச்சம், அதையும் அது எட்டாது. படம் போட்டவர் மேசை ஃபேனின் எண்ணைத் தூக்கிக் கூரையில் மாட்டிவிட்டார். 1400 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஃபேன் 1500 இல் சுற்றினால் இறகு நுனி மணிக்கு 396 கிலோமீற்றரில் பாயும். 325 இல் 86 தான். மட்டக்களப்பில் 78 என்றால் யாருக்கும் இசைத்தட்டு ஞாபகம் வராது, 1978 நவம்பர் 23 சூறாவளிதான் ஞாபகம் வரும். அதைக் கண்டவர்களின் தலைக்கு மேலே அந்த வேகத்தில் ஒன்றைச் சுற்றவிட நான் தயாரில்லை.

தண்ணி மோட்டரும் கிரைண்டரும்

கிணற்றடி மோட்டரின் தகட்டில் 2850 என்று இருக்கிறது. தண்ணீர் இழுக்கும்போது அளந்தால் 2890. மச்சானுக்குப் பிடிக்காத 3000 இதுதான். காந்தப்புலம் 3000 இல் சுற்றும், உள்ளே உள்ள உருளை அதைத் துரத்திக்கொண்டு கொஞ்சம் பின்னால் ஓடும். பின்னால் ஓடினால்தான் அதில் கரண்ட் பிறக்கும், கரண்ட் பிறந்தால்தான் இழுவை. சரியாக 3000 இல் சுற்றுகிற சாதாரண தண்ணி மோட்டர் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஏற்றாது. அந்த 3000 இல் உண்மையிலேயே சுற்றுவது நுரைச்சோலை மின்நிலையத்தில் உள்ள நீராவிச் சுழலி. அது கொஞ்சம் தளர்ந்தால் எங்கள் வளவு மோட்டரும் தளரும், கண்ணுக்குத் தெரியாத ஒரே பெல்ட்டில் மாட்டின மாதிரி. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க கரண்ட் போனதே, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்று அமைச்சர் சொன்னாரே, அன்றைக்கு அந்தப் பெல்ட் அறுந்தது. நாட்டின் அத்தனை மோட்டரையும் ஒரே நேரத்தில் 0 ஆக்கிய அந்தக் குரங்கைப் பட்டியலில் சேர்க்காதது பெரிய குறை.

கிரைண்டரை மச்சான் கடையில் அளந்தோம். தட்டைக் கழற்றி, நட்டில் மட்டும் கீற்று ஒட்டினோம். 11,000 என்று எழுதிய மெஷின் 10,900 காட்டியது. 15,300 என்பது மெஷினின் எண்ணே இல்லை. 100 மில்லிமீற்றர் வெட்டும் தட்டில் அச்சடித்திருக்கும் எண் அது. தட்டின் ஓரம் செக்கனுக்கு 80 மீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பதைச் சுற்றாக மாற்றினால் 15,300 வரும். இதற்கு மேல் போனால் தட்டு சிதறலாம் என்ற எல்லை அது. அதை வேகம் என்று போட்டது, பாலத்தில் "20 தொன்" என்ற பலகையைப் பார்த்துவிட்டு அந்தப் பாலத்தின் எடை 20 தொன் என்று சொல்வது போல. மற்றப் பிழைகள் பகிடி, இது ஆபத்து. பெரிய கிரைண்டருக்கு வாங்கிய தட்டின் எண்ணைப் பார்க்காமல் சின்னதில் பூட்டுகிறவர்களை மச்சான் கடையிலேயே கண்டிருக்கிறேன், காப்புக் கவசத்தையும் கழற்றி எறிந்துவிட்டு.

பிளெண்டரை அளக்கவில்லை. வெறும் ஜாரில் 18,000 என்பது நம்பக்கூடிய எண். தேங்காயைப் போட்டவுடன் அது எவ்வளவுக்கு இறங்கும் என்பதை அளக்க, மூடியில்லாத ஜாருக்குள் சென்சரை நீட்ட வேண்டும்.

மூன்றில் ஒன்று

ஆரையம்பதியில் பெரியப்பா வீட்டு ரேடியோகிராமில், ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்தது, 16, 33, 45, 78 என்று நான்கு வேகம். தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் சில்லு கல்லாக இறுகி, 33 இல் பாட்டு இழுபட்டது. சில்லைத் துடைத்து, மெல்லிய மண் தாளால் லேசாக உரசி, அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்ட பிறகு 33.3 வந்தது.

பழைய ஆட்கள் இதற்கு மீற்றர் தேடவில்லை. கோடு போட்ட வட்டப் பேப்பர் ஒன்றைத் தட்டின் மேல் வைத்து பல்ப் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பல்ப் செக்கனுக்கு 100 தடவை மின்னுவதால், வேகம் சரி என்றால் கோடுகள் அசையாமல் நிற்கும். 50 ஹெர்ட்ஸில் 33⅓ க்கு சரியாக 180 கோடு. 45 க்கு 133⅓ கோடு வேண்டும். மூன்றில் ஒரு கோடு போட முடியாதே, அதனால் 133 போட்டார்கள், வேகம் 45.11 ஆகிறது. 78 க்கு 77 கோடு, வேகம் 77.92. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அங்கே 45 க்கு 160 கோடு கச்சிதமாக வரும். 78 க்கு 92 கோடு, வேகம் 78.26. 3600 இல் சுற்றும் மோட்டரை 46 க்கு ஒன்றாகக் குறைத்தாலும் அதே 78.26 தான். கோட்டு வட்டத்தை இறக்கி அச்சடிப்பவர்கள் எந்த நாட்டுக்கானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸுக்கான 216 கோட்டு வட்டம் இங்கே நின்றால் உங்கள் தட்டு 27.78 இல் ஊர்கிறது என்று அர்த்தம்.

இனிக் களவுக்கு வருவோம். 33⅓ உம் 45 உம் சேர்ந்தால் 78.33. அமெரிக்கத் தட்டு 78.26, அங்கே காணாமல் போனது 0.07. எங்கள் பக்கம் 77.92, காணாமல் போனது 0.41. ஆக, ஒரே களவு இல்லை, நாட்டுக்கு ஒரு களவு. மூன்றில் ஒன்று எங்குமே காணாமல் போகவில்லை. 78 இலிருந்து 33 ஐக் கழித்துத்தான் ஆர்சிஏ விக்டர் 1949 இல் 45 ஐக் கொண்டுவந்தது என்ற கதையையும் இந்தப் பகிடியோடு சேர்த்துச் சொல்வார்கள். முந்திய வருடம் கொலம்பியா எல்.பியை இறக்கியிருந்ததால், போட்டிக்குப் போட்டி என்று கதை நன்றாகப் பொருந்தும். ஆனால் 45 தட்டைப் பார்த்தால் வேறு கணக்குத் தெரியும். ஒரே வேகத்தில் சுற்றும் தட்டில் உள் வரியின் விட்டம் வெளி வரியின் பாதியாக இருந்தால் இடம் வீணாகாது. 7 அங்குலத் தட்டின் நடுவில் மூன்றரை அங்குலப் பெரிய லேபிள் இருப்பது அதனால்தான்.

மைக்ரோவேவ் 5/6

எனக்கு மிகவும் பிடித்த பிழை இதுதான். செங்கலடியில் அக்கா வீட்டு மைக்ரோவேவின் பிளக்கைக் கழற்றி, கவிழ்த்து, அடித் தகட்டுக்குள் இருக்கும் தட்டு மோட்டரின் ஸ்டிக்கரைப் பார்த்தேன். மேல் மூடியை யாரும் கழற்றாதீர்கள், அங்கே உள்ள கொண்டென்சர் பிளக் கழற்றிய பிறகும் ஆளைக் கொல்லும். ஸ்டிக்கரில் அச்சாக "50/60 ஹெர்ட்ஸ், 5/6 ஆர்பிஎம்" என்றே இருந்தது. இது பின்னம் இல்லை. 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 5, 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 6. படம் போட்டவர் ஆறில் ஐந்து என்று வாசித்துவிட்டார்.

பளபளப்பான டேப்பை உள்ளே ஒட்டினால் பொறி பறக்கும் என்பதால் மீற்றரை வெளியே வைத்துவிட்டு, தட்டின் ஓரத்தில் பேப்பர் துண்டு, நடுவில் ஒரு கோப்பைத் தண்ணீர், கையில் ஃபோன். பத்துச் சுற்றுக்கு 2 நிமிடம். 5 ஆர்பிஎம், ஒரு மயிரிழை பிசகில்லை.

40 மடங்கு என்பதன் கணக்கு இனித் தெரிகிறது. 33⅓ ஐ 5/6 ஆல் வகுத்தால் சரியாக 40. அவ்வளவு அழகாக வந்ததால்தான் பிழை என்று யாரும் சந்தேகப்படவில்லை போலும். 5 ஆல் வகுத்தால் 6.67 மடங்கு. 4 நிமிடப் பாட்டு 2 மணி 40 நிமிடம் ஓடாது, 26 நிமிடம் 40 செக்கனில் முடிந்துவிடும். 440 ஹெர்ட்ஸ் சுருதி 40 மடங்கு இறங்கினால் 11 ஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாது. 6.67 மடங்கு என்றால் 66 ஹெர்ட்ஸ், தாராளமாகக் கேட்கும். இதை மச்சானுக்கு அனுப்பினேன். அவன் ஒரு படி மேலே போனான்.

"எல்.பி எத்தனை சென்ரிமீற்றர்?"

"30."

"அக்காட மைக்ரோவேவ் தட்டு?"

அளந்தேன். 24 அரை. எல்.பி உள்ளே போனாலும் கிறுகாது. 45 தட்டுத்தான் போகும், அது 9 மடங்கு மெதுவாக, 49 ஹெர்ட்ஸ் பக்கம் முனகும். அதிலும் இன்னொரு சிக்கல். இந்தச் சின்ன மோட்டருக்கு இந்தப் பக்கம்தான் என்று ஒரு கட்டாயம் இல்லை, தொடங்கும் கணத்தில் அலை எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து இடமோ வலமோ போகும். கதவைத் திறந்து மூடினால் தட்டு மறுபக்கம் சுற்றுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். பாட்டு முன்னுக்குப் பாடுமா பின்னுக்குப் பாடுமா என்பது பூவா தலையா. பகிடி போட்டவர் இதை விட்டது நட்டம், 40 மடங்கை விட இது நல்ல பகிடி.

பூமியை அளக்க மீற்றர் தேவைப்படவில்லை. 1/1440 சூரியனை வைத்துப் பார்த்தால் சரி. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் ஒரு சுற்று 23 மணி 56 நிமிடம் 4 செக்கன், ஆகவே 1/1436. பிசகு 0.27 சதவீதம், என் நானோவின் பிசகை விடக் கொஞ்சம் கூட. பூமிக்கும் புரோகிராமில் ஒரு பெருக்கல் எண் போடலாம்.

திருத்திய படத்தை மச்சான் தன் கடைக்காரர் குழுவில் போட்டான். "சிரிப்பு வரல்ல, ஆனா சரி" என்று ஒருவர் எழுதியிருந்தார். பட்டியலில் தையல் மெஷினையும் சேர்க்க நினைத்தேன், அக்கா விடவில்லை. தீபாவளி ஓடர் மிஷினில் நிற்கிறதாம், சக்கரத்தில் டேப் ஒட்டினால் கையை வெட்டுவாளாம். மறுகா பார்ப்பம்.